எதனைப் போல் எது?

சென்ற கல்வியாண்டின் நிறைவு நாள்களில் முதுகலை மாணவர் ஒருவர் துறையறைக்கு வந்தார். ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் தருவதற்கே வந்திருக்கின்றார் என எண்ணினேன். இயல் வரவில்லை, வினா ஒன்றே வந்தது. "ஐயா, 'முஷிஷி' தொடரின் இருபத்தாறு பகுதிகளையும் பார்த்து முடித்துவிட்டேன். அதைப் போலவே வேறு ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்" என்றார்.

ஜப்பானியர் 'அனிமே' என வழங்கும் அசையோவியத் தொடர்களைப் பற்றித் தமிழ் விரிவுரையாளன் ஒருவனிடம் கேட்கலாம் என அம்மாணவர்க்குத் தோன்றியதே எனக்கு மகிழ்வளித்தது. இம்மலரில் ஆண்டுதோறும் சீறாப்புராணத்தின் வருணனை வளத்தைப் பற்றியே எழுதிவந்தவன் யான். 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் என் மகளும் தம்பி மகனும் பார்த்துக்கொண்டிருந்தவற்றை முதலில் கடிந்தும், பின்னர்க் கதவோரம் நின்றும், முடிவில் அவர்களுக்கு முன்னரே வந்தமர்ந்தும் பார்க்கலானேன். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் விடவில்லை. ஆதலின் அம்மாணவர்க்கு உடனே விடை கூறியிருக்க இயலும். ஆயினும் ஒரு வாரம் தவணை கேட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

'போல' என்னும் உருபு சிறிது. அது எழுப்பும் சிக்கல் பெரிது. ஒன்று மற்றொன்றைப் போன்றது என்று எதனால் கூறுகின்றோம்? தொல்காப்பியர் உவமவியலின் தொடக்கத்திலேயே உவமை தோன்றும் வகையினை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்துவிடுகின்றார். மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். இவையிரண்டும் கண்ணுக்குப் புலனாவன. வினையும் பயனுமோ ஒரு பொருளோடு பழகிப் பார்த்த பின்னரே அறியக்கூடியவை. இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசிச் செயலிகள் ஒரு தொடர் முடிந்தவுடன் 'இதனைப் போன்றவை' என ஒரு வரிசையைக் கீழே நீட்டுகின்றன. அவ்வரிசை எவ்வாறு ஆக்கப்பட்டதாயினும், அதில் நம் கண்ணுக்குத் தெரிவது முகப்புப் படம் ஒன்றே. மெய்யையும் உருவையும் கண்டு விரல் அழுத்திவிடுகின்றோம். அப்படி அழுத்தியவர்களுள் யானும் ஒருவன்.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. மியாசாகி ஹயாவோ இயக்கிய 'என் அண்டைவீட்டுத் தோத்தோரோ' என்னும் திரைப்படத்தை நான்கைந்து முறை பார்த்துவிட்டு, இன்னொன்று வேண்டுமென்றாள். வரிசையில் ஒரு படம் கண்ணிற்பட்டது. உருண்டை முகமும் பெரிய கண்ணாடியும் அணிந்த ஒரு சிறுமி, அவளருகே ஒரு சிறுவன், பின்னால் பசுமை பொங்கும் பள்ளத்தாக்கு. பாலர் பாட நூலின் அட்டை போலவே இருந்தது. 'மேட் இன் அபிஸ்' என்று பெயர். 2017ஆம் ஆண்டு வெளிவந்த பதின்மூன்று பகுதிகள் கொண்ட தொடர். முதல் இரு பகுதிகளை உடனிருந்து பார்த்தேன், குறையொன்றும் தோன்றவில்லை. பிறகு பல்கலைக்கழக விடைத்தாள்கள் வந்துவிட்டன. அவளைக் கூடத்தில் பார்க்கவிட்டு, அடுத்த அறையில் திருத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மாலை அவள் என் மேசையருகே வந்து பேசாமல் நின்றாள். "என்னம்மா?" என்றேன். "வாப்பா, அந்தப் பிள்ளையோட கை..." என்றாள். அதற்குமேல் சொல்லவில்லை. சென்று பார்த்தேன். ஆழ்குழிக்குள் இறங்கும் அச்சிறுமியின் கையில் நச்சுமுள் பாய்ந்து, அக்கையைத் துண்டிக்க அவளுடைய தோழன் முயலும் பகுதி அது. வரைந்த கோடு அதே மென்மையான கோடு. நிறம் அதே இளநிறம். காட்சியோ, நாற்பதைக் கடந்த என்னாலும் முழுதாகப் பார்க்க இயலாதது. அன்றிலிருந்து பல இரவுகள் அவள் விளக்கை அணைக்க விடவில்லை.

அத்தொடரைப் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. அது வல்லமையுள்ள படைப்பு, அறியாமைக்கும் ஆவலுக்கும் கொடுக்கவேண்டிய விலையைப் பற்றியது, முதிர்ந்தோர் காணத்தக்கது. பிழை என்னுடையது. மெய்யையும் உருவையும் கண்டு, வினையையும் பயனையும் கேளாமல் விட்டேன். தோத்தோரோ படத்தின் வரலாறே என்னை எச்சரித்திருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் அப்படம் ஜப்பானியத் திரையரங்குகளில் வெளிவந்தபோது, அதனோடு இணைத்து ஒரே காட்சியாகத் திரையிடப்பட்டது தக்காஹாதா இசாவோவின் 'மின்மினிகளின் கல்லறை'. இரண்டும் ஜிப்ளி என்னும் ஒரே கலைக்கூடத்தின் ஆக்கங்கள். இரண்டிலும் உடன்பிறந்த குழந்தைகள் இருவர். இரண்டிலும் ஜப்பானிய நாட்டுப்புறத்தின் பசுமை. ஒன்றில் தங்கை காட்டுத் துணைவனின் வயிற்றில் படுத்துறங்குகின்றாள். மற்றொன்றில் போர்க்காலப் பசியால் தங்கை இறக்கின்றாள், தமையனும் இறக்கின்றான். ஒரே நுழைவுச்சீட்டில் அவ்விரண்டையும் பார்த்து வெளியே வந்த பிள்ளைகளை எண்ணிப் பார்க்கின்றேன்.

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். முஷிஷி எதனைப் போன்றது என்று கேட்குமுன், முஷிஷி யாது என்று காணவேண்டும். உருஷிபாரா யூகி என்னும் பெண்மணி வரைந்த படக்கதையைத் தழுவி, நாகஹாமா ஹிரோஷியின் இயக்கத்தில் 2005ஆம் ஆண்டு தொடங்கியது அத்தொடர். 'முஷி' என்பன அக்கதையுலகில் விலங்கும் அல்ல, மரஞ்செடியும் அல்ல. உயிரின் மூலவேருக்கு மிக அண்மையில் நிற்கும் ஒருவகை உயிர்ப்பொருள்கள். பெரும்பாலோர் கண்ணுக்கு அவை தெரியா. அவற்றால் மாந்தர்க்கு நேரும் நோய்களையும் விந்தைகளையும் ஆராய்ந்து தீர்க்க ஊர்தோறும் செல்பவன் கிங்கோ. வெண்முடி, பச்சை நிறத்து ஒற்றைக் கண், முதுகில் இழுப்பறைகள் பல வைத்த மரப்பெட்டி. ஒவ்வொரு பகுதியும் தனிக்கதை. பகைவன் என ஒருவன் இல்லை. போர் இல்லை. சிலவேளை தீர்வும் இல்லை. நோயாளி தன் நோயோடு வாழப் பழகுவதைக் கண்டு, கிங்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மலையேறிவிடுகின்றான்.

முதற்பகுதியில், தனியே மலைவீட்டில் வாழும் சிறுவன் ஒருவன் இடக்கையால் எதனை எழுதினாலும் வரைந்தாலும் அஃது உயிர்பெற்றெழுகின்றது. எழுத்து பறவையாகின்றது. இருபதாம் பகுதியில் வரும் தன்யூ என்னும் மங்கையின் காலில், முன்னோர் காலத்தில் அடைத்துவைக்கப்பட்ட கொடிய முஷி ஒன்று உறைகின்றது. முஷிகளைக் கொன்றோர் சொல்லும் கதைகளைக் கேட்டுக்கேட்டு அவள் ஏட்டில் எழுதுகின்றாள். எழுத எழுத அக்கரிய நஞ்சு அவள் உடலினின்று எழுத்தாக ஏட்டில் இறங்குகின்றது. எழுதும்போது வலி. எழுதாவிடிலோ கால் அவளுடையதாகாது. இலக்கியம் கற்பிப்போர் இருபதாண்டுகள் வகுப்பில் கூற முயல்வதை இருபது நிமிடத்தில் காட்டிவிட்டார்களே என அன்று எனக்குப் பொறாமையே தோன்றியது.

இத்தொடரின் ஓவிய அமைதியும் தனித்துவமானது. மங்கிய பச்சை, பனியின் வெண்மை, அடுப்பங்கரையின் இருள். முகங்களில் மிகை இல்லை. பின்னணியாகிய மலையும் மழையும் மாந்தரினும் நுட்பமாக வரையப்பட்டிருக்கும். பேச்சு நின்ற பின்னும் காட்சி சிறிது நேரம் நிற்கும். இந்த நிறுத்தமே முஷிஷியின் உயிர் என்பது என் கருத்து. பசுங்காடும் வெண்முடியும் உள்ள தொடர்கள் வேறு பல உள்ளன. அவற்றைப் 'போன்றவை' எனக் கொடுத்திருந்தால் அம்மாணவர் இரண்டு பகுதிகளோடு திரும்பி வந்திருப்பார்.

ஒரு வாரம் கழித்து யான் முதலில் கூறிய பெயர் 'மொனொனொகே'. மியாசாகி 1997இல் எடுத்த 'இளவரசி மொனொனொகே' திரைப்படத்தோடு இதனை மயங்குதல் கூடாது. இது 2007ஆம் ஆண்டு நாகமுரா கென்ஜி இயக்கிய தொடர். பன்னிரண்டு பகுதிகளில் ஐந்து கதைகள். தோற்றத்தில் முஷிஷிக்கு நேர் எதிரானது. பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியங்களைத் தாளோடு எடுத்து அசையவிட்டது போன்ற அடர்நிறங்களும், சுவரும் ஆடையும் கண்ணைப் பறிக்கும் பூவேலைகளும் கொண்டது. முதற்பகுதியைப் பார்ப்போர்க்குத் தலைசுற்றும். ஆனால் கதையின் வினையை நோக்குங்கள். இங்கும் முதுகில் பெட்டி சுமந்து ஊர்தோறும் செல்லும் ஒருவன், மருந்து விற்பவன். இங்கும் மாந்தரைப் பற்றிய ஒரு கேடு. அதனை வெட்டும் வாள் அவன் கையில் உண்டு. எனினும் அக்கேட்டின் வடிவத்தையும், நிகழ்ந்த உண்மையையும், அதற்குள்ளே இருக்கும் நெஞ்சின் காரணத்தையும் அறிந்தாலன்றி அவ்வாள் உறையை விட்டு வெளிவாராது. ஆகவே அவன் வெட்டுவதைவிடக் கேட்பதே மிகுதி. கேட்கக் கேட்க, பெண்ணொருத்திக்கு முன்பு இழைக்கப்பட்ட கொடுமை, மறைக்கப்பட்ட சாவு என ஒவ்வொன்றாக வெளிவரும். கிங்கோவும் இவனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம். உடுத்திய ஆடையே வேறு. இதில் வரும் செய்திகள் பட்டப்படிப்பு மாணவர்க்குரியவை. சிறுவர்க்கு ஆகா என்பதையும் சேர்த்தே கூறினேன்.

அடுத்தது 'கினோவின் பயணம்'. சிகுசாவா கெயிச்சி எழுதிய கதைநூல்களைத் தழுவி, நாகமுரா ரியூத்தாரோ 2003ஆம் ஆண்டு இயக்கிய பதின்மூன்று பகுதிகள். கினோ பேசும் மோட்டார் சைக்கிளில் நாடு நாடாகச் செல்லும் இளம்பெண். எந்நாட்டிலும் மூன்று நாளுக்குமேல் தங்குவதில்லை. பிறர் மனத்தை நேரே உணரும் ஆற்றல் பெற்று, அதனாலேயே ஒருவரையொருவர் பொறுக்கவியலாமல் தனித்தனி வீடுகளில் ஒளிந்து வாழும் மக்களின் நாடு ஒன்று வரும். கிங்கோ மருத்துவன், கினோ பார்வையாளர் மட்டுமே. அவள் தலையிடாமல் செல்வது சிலர்க்குச் சினமூட்டும். எனக்கும் ஊட்டியதுண்டு. அச்சினத்தோடு பார்ப்பதே அத்தொடரைப் பார்க்கும் முறை என இப்போது எண்ணுகின்றேன்.

இக்கதைகளையே 2017ஆம் ஆண்டு வேறொரு குழுவினர் ஒளிமிக்க நிறங்களில், கூர்மையான கோடுகளில் மீண்டும் எடுத்தனர். அதே கினோ, அதே வண்டி. எனினும் பழையதில் நாம் நெடுநேரம் வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். புதியதில் சாலை விரைவாகக் கடந்துவிடும். புதியது அழகாக இல்லையென்று கூறமாட்டேன். ஆயின் கதையொன்றாக இருந்தும் அனுபவம் ஒன்றாகவில்லை. வடிவம் ஒத்தால் போதாது என்று மேலே கூறினேன். கதைப்பொருள் ஒத்தாலும் போதாது என்பது இதனால் விளங்கும். சொல்லும் நடையின் மூச்சு ஒத்திருக்கவேண்டும்.

'நாட்சுமேயின் நண்பர் ஏடு' என்பது 2008ஆம் ஆண்டு தொடங்கி 2024 வரை ஏழு பருவங்களாக வெளிவந்தது. பிறர் கண்ணுக்குத் தெரியாத ஆவியுருவங்களைக் காணும் பெற்றோரற்ற சிறுவன், தன் பாட்டி ஓர் ஏட்டில் கட்டிவைத்த அவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கின்றான். கனிவான தொடர். முஷிஷியை விரும்பியோர்க்கு இதனையே பலரும் முதலிற் கூறுவர். யான் மூன்றாவதாகவே கூறினேன். முதற்பருவத்தில் கண்ணீர் தானே வருகின்றது, பிற்பருவங்களில் அதனை வரவழைக்கின்றார்கள் என்பது என் எண்ணம். என் மகள் இதற்கு உடன்படமாட்டாள்.

நான்காவதாகக் கூறியதைக் கேட்டு மாணவர் வியந்தார். 'ஃப்ரீரன்' என்னும் தொடர், 2023 செப்டம்பரில் தொடங்கி 2024 மார்ச்சில் முதற்பருவம் நிறைந்தது, இருபத்தெட்டுப் பகுதிகள். வாளும் மந்திரமும் அரக்கரும் நிறைந்தது. "ஐயா, அது சண்டைப் படமாயிற்றே" என்றார். சண்டை முடிந்த பிறகு தொடங்கும் கதை அது. அரக்கர்கோனை வென்று பத்தாண்டுப் பயணத்தை முடித்துத் திரும்புகின்றனர் நால்வர். அவருள் ஃப்ரீரன் என்பவள் ஆயிரமாண்டுக்கு மேல் வாழ்ந்த குலத்தினள். அவளுக்குப் பத்தாண்டு நமக்கு ஒரு விடுமுறை போன்றது. ஐம்பதாண்டு கழித்து அவள் வந்து பார்க்கும்போது, உடன் சென்ற வீரன் முதுமையுற்று இறக்கின்றான். அவனது அடக்கத்தின்போது, அவனை அறிந்துகொள்ள முயலாமற் போனேனே என்று அழுகின்றாள். எஞ்சிய கதை முழுவதும், சென்ற வழியே மீண்டும் சென்று ஓர் இறந்த மனிதனை அறிந்துகொள்ளும் முயற்சியே. ஒரு சிற்றூரில் அவன் சிலையைத் துடைக்கின்றாள். அவன் விரும்பிய ஒரு நீலப்பூவைத் தேடி மாதக்கணக்கில் தங்குகின்றாள். சண்டைகளும் வருகின்றன, வராமலிருந்தாலும் யான் வருந்தியிருக்க மாட்டேன். முஷிஷியின் நிறுத்தம் இங்கும் உண்டு.

இவ்வினத்தைச் சாராததாயினும், தமிழ் மாணவர் என்பதால் ஒன்றைக் கூடுதலாகச் சொல்லியனுப்பினேன். 'ஷோவா கென்ரோக்கு ரக்குகோ ஷின்ஜூ' என்னும் தொடர், 2016, 2017 ஆகிய ஈராண்டுகளில் வெளிவந்தது. ரக்குகோ என்பது ஒருவரே மெத்தையிட்டமர்ந்து, விசிறியும் கைத்துணியும் மட்டும் கொண்டு, பல மாந்தராகவும் குரல்மாற்றிக் கதைசொல்லும் ஜப்பானியக் கலை. அக்கலை அழியுமோ என்னும் அச்சமும், ஆசிரியன் மாணவனுக்குக் கையளிக்க மறுக்கும் பிடிவாதமும் கதை. மேடைப்பேச்சுக்கு ஆயத்தமாகும் நம் பிள்ளைகள் அதன் முதற்பகுதியையேனும் காணவேண்டும்.

இக்கட்டுரையின் முதல் வரைவைப் படித்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், ஹஜ் முடித்தவர், கல்லூரியின் நலனில் நெடுங்காலம் ஈடுபட்டவர், "பேயும் பூதமும் வரும் படத்தைப் பிள்ளைகளுக்கு நீங்களே காட்டிக் கொடுக்கலாமா?" எனக் கேட்டார். நியாயமான கேள்வி. நாட்சுமேயின் உலகில் ஆவிகளும் கோயில்களும் உண்டு. அதனை மறைத்து யான் பரிந்துரைக்க விரும்பவில்லை. பெற்றோர் அறிந்தே முடிவு செய்யட்டும். ஆயின் பெரியவரிடம் ஒன்றை நினைவூட்டினேன். நம் வீட்டுத் திண்ணைகளில் வாப்பும்மாமார் சொன்ன ஜின் கதைகளைக் கேட்டு இரவில் முற்றத்துக்குப் போக அஞ்சியவர்கள்தாமே நாம் அனைவரும்? அவர் சிரித்துவிட்டு, "வாப்பும்மா நம்மைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார்களே தம்பி, நாம் பயந்தால் நிறுத்திவிடுவார்கள்" என்றார்.

அச்சொல் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. யான் விடைத்தாள் திருத்திய அறைக்கும் கூடத்துக்கும் இடையே இருந்தது ஒரு சுவர்தான். பிறர்க்கு ஒன்றைப் 'பார்' எனக் கூறுவதை நம் வழக்கில் அமானிதம் என்றே சொல்லவேண்டும். கேட்பவர் எதை விரும்பினார் என்பது மட்டுமன்று, அதில் எதை விரும்பினார் என்பதையும் கேட்டறிந்த பிறகே பெயர் சொல்லவேண்டும் என்பதைப் பழக்கமாக்கிக் கொண்டேன். அம்மாணவரிடம் ஒரு வாரம் தவணை பெற்றதும் அதற்கே. அந்த வாரத்தில் அவரை இருமுறை அழைத்து, முஷிஷியில் எந்தப் பகுதி மறக்கவில்லை எனக் கேட்டேன். ஒலியெல்லாம் விழுங்கப்பட்டுப் பனியில் அமிழ்ந்திருக்கும் மலையூரின் கதை என்றார். பச்சைக் காட்டையோ வெண்முடியையோ அவர் சொல்லவில்லை. பின்னர் அவர் கினோவை முழுதும் பார்த்தார். மொனொனொகேயை நான்காம் பகுதியோடு விட்டுவிட்டார், நிறம் கண்ணை உறுத்தியதாம். மெய்யும் உருவும் அவ்வளவு எளிதாக வழிவிடுவதில்லை என்பதை இதனால் யானும் கற்றுக்கொண்டேன்.

என் மகளுக்கு அந்நாளில் யான் பின்னர்த் தேடிக் கொடுத்தது மிகப் பழைய தொடர். 1974ஆம் ஆண்டு தக்காஹாதா இயக்கிய 'ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹெய்தி', ஐம்பத்திரண்டு பகுதிகள். மின்மினிகளின் கல்லறையை எடுத்தவரே இதனையும் எடுத்தவர். காட்சிச் சட்டகங்களை அமைத்தவர் மியாசாகி. சுவிட்சர்லாந்துக்கே சென்று மலையையும் குடிலையும் பார்த்து வந்து வரைந்தார்கள். இம்முறை முழுதும் நானே முன்னர்ப் பார்த்துவிட்டு, அவளை அழைத்து அருகில் அமர்த்தினேன். தாத்தா அடுப்புத் தீயில் பாலாடைக்கட்டியை வாட்டி, உருகியதை ரொட்டியின்மேல் வழியவிடும் காட்சி வந்தது. மகள் என் கையைப் பற்றிக்கொண்டு, "வாப்பா, இதுல அந்தப் பிள்ளைக்கு ஒன்னும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள். ஹெய்தி பிராங்க்பர்ட் நகருக்குப் பிரிந்து செல்வதும், அங்கே ஏக்கத்தால் நோயுற்று இரவில் எழுந்து நடப்பதும் எனக்குத் தெரியும். "கொஞ்சம் அழுவாள், பிறகு வீட்டுக்கு வந்துவிடுவாள்" என்றேன். அவள் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படின்னா சரி, பாக்கலாம்" என்றாள்.